பிள்ளை தடங்கல் இல்லாம வாசிக்கா, ஆனா என்ன வாசிச்சேன்னு கேட்டா முழிக்கா

தாமிரபரணி_கரை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சும்மா வாசிச்சிட்டு போறவதான், இதான் முதல் பதிவு, தப்பான பிரிவுல போட்டிருந்தா அட்மின் மாத்தி விட்டுருங்க.

என் பொண்ணு ஏழாவது, தமிழ் மீடியம். வாசிப்புல ஒரு குறை சொல்ல முடியாது. ல, ள, ழ எல்லாம் சுத்தமா வரும், ஸ்கூல் விழான்னா மைக்ல அவளைத்தான் வாசிக்க விடுவாங்க. புக் பேக் கேள்வி, அதான் பாடத்துக்குக் கடைசில போட்டிருக்கிற கேள்வி, எதைக் கேட்டாலும் பட்டுபட்டுன்னு சொல்லிருவா, மார்க்கும் வருது. அதனால நானும் பிள்ளை நல்லா படிக்குன்னு நெனச்சு பேசாம இருந்துட்டேன்.

போன வாரம் மாமனாருக்கு கண் ஆபரேஷன் ஆச்சு, பேப்பர் படிக்க முடியாம அவருக்கு கை ஓடல கால் ஓடல, சரி நீ வாசிச்சுக் காட்டுன்னு இவளை உக்கார வெச்சேன். பாபநாசம் அணையில தண்ணி தொறக்கிற செய்தி. நியூஸ்ல வாசிக்கிற மாதிரி ஏத்த இறக்கத்தோட வாசிச்சா, கேக்க அவ்வளவு நல்லா இருந்துச்சு. முடிச்சதும் தாத்தா, "சரி ஏட்டி, இப்ப எதுக்கு தொறக்காங்களாம்?"னு கேட்டாங்க. இவ முழிக்கா. மறுபடி பேப்பரைப் பாத்து வினாடிக்கு இத்தனை கன அடின்னு ஒரு வரியை எடுத்து வாசிக்கா. "அது சரி, எதுக்கு?"ன்னா பதில் இல்ல. கார் சாகுபடிக்காகன்னு முதல் பத்தியிலயே கிடக்கு, அவ வாயால வாசிச்ச வரிதான்!

அன்னைக்கு ராத்திரி அவ பாடப்புத்தகத்தை எடுத்து புக் பேக்ல இல்லாத கேள்வியா நானே ரெண்டு மூணு கேட்டுப் பாத்தேன், அதே கதைதான். டவுட் இருக்கான்னு கேட்டா எப்பவுமே "இல்லம்மா"தான், ஒரு தடவை கூட இருக்குன்னு சொன்னது கிடையாது.

கேள்வி கேட்டுக் கேட்டுப் படிச்சா புரிதல் வரும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. சரின்னு தினமும் நான் கேள்வி கேக்க ஆரம்பிச்சேன், நாலாவது நாள் அழுதுட்டா, போலீஸ் விசாரணை மாதிரி ஆயிருச்சு. இப்ப புக்கை எடுத்தாலே என் மூஞ்சியைத்தான் பாக்கா. இது யாருக்காவது ஒத்து வந்திருக்கா? நான் செய்யற விதம் தப்பா, இல்ல முறையே சும்மா பேச்சுக்கா?

---

சாக்பீஸ்_தூசி:

மேடம், நான் 16 வருஷமா நடுநிலைப் பள்ளியில வேலை பாக்கறேன், உங்க பொண்ணு மாதிரி பிள்ளைங்க ஒவ்வொரு வகுப்புலயும் நாலஞ்சு பேர் உண்டு. தத்தித் தத்தி வாசிக்கிற பிள்ளையை எல்லாருக்கும் தெரிஞ்சுடும், இந்தப் பிள்ளைங்களைத்தான் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, நானே பல வருஷம் கண்டுபிடிக்கல.

எங்க ஸ்கூல்ல புதுசா வர்ற டீச்சர்ங்களுக்கு நான் ஒரு வேடிக்கை காட்டுவேன். போர்டுல இப்படி எழுதுவேன்: "மிண்டலைகள் தூவரையில் சதும்பின. அதனால் லொம்பன் வெகுவாக நிமிழ்ந்தான்." இப்ப கேள்வி. மிண்டலைகள் எங்கே சதும்பின? தூவரையில். யார் நிமிழ்ந்தான்? லொம்பன். ஏன் நிமிழ்ந்தான்? மிண்டலைகள் சதும்பியதால். மூணுக்கு மூணு மார்க். அர்த்தம்னு ஒரு பொட்டு கூட இல்லாத வரிக்கு "ஏன்" கேள்விக்குக் கூட சரியான விடை வந்துடுது பாருங்க. "இல்", "ஆல்"னு உருபு மட்டும் தெரிஞ்சா போதும். நாம குடுக்கற மார்க்ல பாதி இப்படி வந்ததுதான்னு எனக்கு ஒரு பயம் உண்டு.

உங்க கேள்விக்கு வர்றேன். முறை சரி, கேக்கற ஆள்தான் மாறணும். நன்னூல்ல வினா ஆறு வகைன்னு வருமே, அதுல முதல் ரெண்டு அறிவினா, அறியா வினா. விடை தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அடுத்தவனை சோதிக்கிறது அறிவினா, நிஜமாவே தெரியாம கேக்கறது அறியா வினா. ஸ்கூல்ல பிள்ளை காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் கேக்கறது பூரா அறிவினாதான். வீட்டுக்கு வந்தா நீங்களும் அதையே ஆரம்பிச்சா அழாம என்ன செய்யும். அதே நன்னூல்ல மாணவன் பாடம் கேக்கற முறையைச் சொல்ற இடத்துல "வினாதல் வினாயவை விடுத்தல்"னு வரும், கேக்கறதும் சொல்றதும் ரெண்டுமே மாணவன் வேலைன்னு. நாம முதல் பாதியை வாத்தியாருக்கு எழுதிக் குடுத்துட்டோம்.

1984ல அமெரிக்கால அன்மேரி பாலின்சார், ஆன் பிரவுன்னு ரெண்டு பேர் எழுதின ஆய்வுக் கட்டுரை ஒண்ணு எங்களுக்கு ஒரு பயிற்சியில வந்துச்சு. அவங்க எடுத்துக்கிட்டதும் ஏழாவது பிள்ளைங்கதான், வாசிப்பு ஓரளவு நல்லா வரும், புரிதல் மட்டும் பின்தங்கி இருக்கும், அப்படியே உங்க பொண்ணு. அவங்க செஞ்சது பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல, ஒரு பத்தி படிச்சதும் ஒரு பிள்ளை டீச்சரா மாறி மத்தவங்களைக் கேள்வி கேக்கணும், பத்தியைச் சுருக்கிச் சொல்லணும், குழப்பமான இடத்தைச் சொல்லணும், அடுத்து என்ன வரும்னு ஊகிக்கணும். அப்புறம் அடுத்த பிள்ளை. முதல்ல டீச்சர்தான் செஞ்சு காட்டுவார், கொஞ்சம் கொஞ்சமா பிள்ளைங்க கையில விட்டுட்டு ஒதுங்கிக்குவார். தினமும் இப்படி 20 பள்ளி நாள் மாதிரி செஞ்சதுல நல்ல முன்னேற்றம் வந்துச்சு.

வீட்டுல எப்படி செய்யறதுன்னா, புக் பேக்கை கொஞ்ச நாள் மறந்துடுங்க. அந்த அணை செய்தியையே எடுத்துக்கோங்க. ஒரு பத்தி நீங்க வாசிங்க, வாசிச்சுட்டு உங்களுக்கே நிஜமா தெரியாத ஒண்ணை வாய்விட்டுக் கேளுங்க. "வெயில் இப்படி கொளுத்துது, நம்ம பக்கம் ஒரு சொட்டு மழையக் காணோம், அணைக்கு மட்டும் தண்ணி எங்க இருந்து வந்துச்சு?" இந்த மாதிரி. அடுத்த பத்தி அவ வாசிச்சு அவ கேக்கணும், நீங்க பதில் தேடணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, அது ரொம்ப முக்கியம்.

என் வகுப்புல கேள்வியை விரல் வெச்சுப் பிரிப்போம். வரியிலயே விடை இருந்தா ஒரு விரல் கேள்வி. ரெண்டு மூணு இடத்துல இருந்து எடுத்துச் சேக்கணும்னா ரெண்டு விரல் கேள்வி. பாதி புத்தகத்துல பாதி நம்ம தலையிலன்னா விரலை நெத்தியில வெச்சுக்கணும். டாஃபி ராஃபேல்னு ஒரு அம்மா 1980கள்ல இதே மாதிரி நாலு வகையாப் பிரிச்சிருக்காங்க, விரல் மட்டும் என் சரக்கு. முதல் வாரம் பூரா ஒரு விரல் கேள்வியாத்தான் வரும், திட்டாதீங்க.

---

குரூப்4_நாலாவது_தடவை:

சார் போட்ட லொம்பன் மேட்டர் படிச்சுட்டு நானும் என் ரூம்மேட்டும் சிரிச்சு முடியல, ஏன்னா அந்த லொம்பன் நான்தான்.

அக்கா நான் டிஎன்பிஎஸ்சிக்கு ப்ரிப்பேர் பண்றேன், மூணு தடவை போச்சு, அந்த மூணு வருஷமும் நான் படிச்ச லட்சணம் என்னன்னா ஸ்கூல் புக்கை ஆறாவதுல இருந்து எடுத்து மஞ்சள் ஹைலைட்டர்ல கோடு போட்டுக்கிட்டே போறது, ரெண்டாவது ரவுண்டு பச்சை, மூணாவது ரவுண்டு பிங்க், கடைசில பக்கம் பூரா ஹோலிப் பண்டிகை மாதிரி ஆயிடும், எது முக்கியம்னு எனக்கே தெரியாது. படிக்கறப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும், ஹால்ல போய் உக்காந்தா நாலு ஆப்ஷனும் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். அதான் பிரச்சனை.

லைப்ரரில ஒரு அண்ணன்தான் எஸ்க்யூ3ஆர்னு ஒண்ணு சொன்னாரு. பழைய முறைதான், 1946ல ஃபிரான்சிஸ் ராபின்சன்னு ஒஹாயோ ஸ்டேட் யூனிவர்சிட்டிக்காரர் எழுதினது. மொதல்ல பாடத்தை மேலாக்க ஒரு புரட்டு புரட்டணும், அப்புறம் ஒவ்வொரு உள்தலைப்பையும் கேள்வியா மாத்திக்கணும், அந்தக் கேள்விக்கு பதில் தேடற மாதிரி படிக்கணும், மூடி வெச்சு சொல்லிப் பாக்கணும், கடைசில மொத்தமா ஒரு தடவை திரும்பப் பாக்கணும். 'வடகிழக்குப் பருவக்காற்று'ன்னு தலைப்பு இருந்தா நான் மார்ஜின்ல பென்சில்ல 'வடகிழக்குல இருந்து வர்ற காத்து நிலத்து மேல இருந்துதானே வருது, அதுக்கு ஈரம் எங்க கிடைச்சுது?'ன்னு எழுதுவேன். இப்ப படிச்சா வங்காள விரிகுடா மேல வர்றப்ப ஈரத்தை அள்ளிட்டு வருதுன்னு வர்ற வரி கண்ணுல வந்து ஒட்டிக்கும், அதே வரியை மூணு கலர்ல கோடு போட்டப்ப ஒட்டல.

நெட்ல தேடினப்ப 2013ல டன்லோஸ்கின்னு ஒருத்தரும் கூட சிலரும் சேர்ந்து பத்து படிப்பு முறைகளை அலசினது பத்தி வந்துச்சு, ஹைலைட் பண்றதும் திரும்பத் திரும்ப வாசிக்கறதும் கடைசி வரிசைல, "இது ஏன் இப்படி"ன்னு கேட்டுக்கிட்டே படிக்கறது நடுவுல, தன்னைத் தானே டெஸ்ட் பண்ணிக்கறது மேல. மூணு வருஷம் கழிச்சு தெரிஞ்சு என்ன பண்றது.

ஒரு எச்சரிக்கை அக்கா, எல்லா வரிக்கும் கேள்வி போட ஆரம்பிச்சா ஒரு பாடம் ஒரு வாரம் ஆகும், எனக்கு ஆச்சு. இப்ப ஒரு பக்கத்துக்கு ரெண்டு கேள்விதான், அந்த ரெண்டை செலக்ட் பண்றதுலயே பாதி படிச்ச மாதிரி ஆயிடுது. அப்புறம் தமிழ்ப் பேப்பர்ல 'விடைக்கேற்ற வினா'ன்னு வருமே, ஸ்கூல்ல அதை வெறும் ரெண்டு மார்க் இலக்கணமா தள்ளிட்டு போனோம், அதையே தங்கச்சிக்கு விளையாட்டா குடுங்க, நீங்க விடையைச் சொல்லுங்க, அவ கேள்வியைக் கண்டுபிடிக்கட்டும்.

---

பழைய_பேப்பர்:

எல்லாரும் ஒரே பக்கமா பேசறதால நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிக்கறேன், கோவிச்சுக்க வேணாம்.

கேள்வி கேக்கறது நல்லதுதான், ஆனா கேக்கவே முன்னாடி கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். ஒண்ணுமே தெரியாத விஷயத்துல யாருக்கும் கேள்வி வராது. என்கிட்ட ஷேர் மார்க்கெட் பக்கத்தைக் குடுத்துட்டு டவுட் கேளுன்னா நானும் "இல்லம்மா"ன்னுதான் சொல்வேன், எது தெரியலன்னே தெரியாதே.

1988ல அமெரிக்கால ஒரு ஆய்வு, ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு பேர் செஞ்சது. ஏழாவது எட்டாவது பிள்ளைங்ககிட்ட பேஸ்பால் ஆட்டத்தைப் பத்தின ஒரு பத்தியைக் குடுத்தாங்க. வாசிப்புல மட்டமா இருந்தாலும் பேஸ்பால் தெரிஞ்ச பிள்ளைங்க, நல்லா வாசிக்கத் தெரிஞ்சும் பேஸ்பால் தெரியாத பிள்ளைங்களை விட நல்லா புரிஞ்சுக்கிட்டாங்க. நம்ம ஊர்ல கிரிக்கெட்னு வெச்சுக்கோங்க, பேப்பர்ல மத்த பக்கத்தை எழுத்துக் கூட்டற பையன் ஸ்போர்ட்ஸ் பக்கத்தை மட்டும் அலசி எடுப்பான் பாத்திருப்பீங்க.

அதனால அம்மா, உங்க பொண்ணுக்கு அணைன்னா என்ன, பாசனம்னா என்ன, இதையெல்லாம் யாராவது கூட்டிட்டுப் போய் காட்டினாங்களா? புரிதலை ஒரு டெக்னிக்கா மாத்தி விக்கறது இப்ப ஃபேஷன் ஆயிடுச்சு, எனக்கு அதுல தான் கடுப்பு. எங்க பக்கத்துல ஒரு கோச்சிங் சென்டர்ல இதை 'கேள்வி மெத்தட்'னு பேர் வெச்சு ஃபீஸ் வாங்கறாங்க, பிள்ளைங்களுக்கு 'யார் எப்போது எங்கே ஏன் எப்படி'ன்னு அச்சடிச்ச ஷீட் குடுத்து எல்லா பாடத்துக்கும் நிரப்பச் சொல்றாங்க. அது இன்னொரு புக் பேக், அவ்வளவுதான்.

---

சாக்பீஸ்_தூசி:

பழைய பேப்பர் சார் சொல்றதுல பாதிக்கு மேல ஒத்துக்கறேன். பேஸ்பால் கதை சரிதான், அந்த ஷீட் கதையும் சரிதான், எங்க ஸ்கூலுக்கும் ஒரு தடவை அப்படி ஒண்ணு வந்து கட்டுக் கட்டா பீரோவுல தூங்குது.

ஆனா பிள்ளைக்கு எது தெரியலன்னு நமக்கு எப்படித் தெரியும்? எல்லா ஊருக்கும் கூட்டிட்டுப் போக முடியாது, எல்லா வார்த்தைக்கும் முன்னாடியே அர்த்தம் சொல்லவும் முடியாது. சின்ன உளறல் கேள்வியா இருந்தாலும் பிள்ளை ஒண்ணு கேட்டாத்தான் ஓட்டை எங்கன்னு தெரியும். கேள்வி வந்து அறிவுக்கு மாற்று கிடையாது சார், டயரைத் தண்ணித் தொட்டியில முக்கிப் பாக்கற மாதிரி, குமிழி வர்ற இடத்துலதான் பஞ்சர்.

---

வடமராட்சி_வெயில்:

நான் யாழ்ப்பாணப் பக்கம், இப்ப வெளியில இருக்கிறன். இந்தத் திரியை வாசிக்க எங்கட பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. சேர் பாடம் முடிச்சுப்போட்டு "விளங்கினதோ பிள்ளையள்?" எண்டு கேப்பார், நாங்கள் நாப்பது பேரும் சேந்து ராகமா "ஓம் சேர்". ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கியிராது. விளங்கேல்லை எண்டு சொன்னா எழும்பி நிக்க வேணும், அதுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு இருக்கிறது சுகம்.

அக்கா, உங்கட மகள் வாசிக்க தாத்தா கேட்டுக்கொண்டிருந்தவர் எண்டு எழுதியிருக்கிறியள், அதை வாசிக்க எனக்கு வேற ஒண்டு நினைவு வந்தது. எங்கட கோயில்களில கந்தபுராணப் படிப்பு நடக்கும். ஒருத்தர் பாட்டை ராகத்தோட வாசிப்பார், பக்கத்தில இருக்கிற மற்றவர் அதுக்குப் பயன், அதாவது பொருள், சொல்லுவார். ரெண்டும் வேற வேற வேலை எண்டு அந்தக் காலத்தில சனத்துக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்கோ, நல்ல குரல் இருக்கிறவர் எல்லாம் பயன் சொல்ல ஏலாது. என்ர அம்மம்மாவுக்கு எழுத்து அவ்வளவாத் தெரியாது, ஆனா கேட்டுக் கேட்டு இடையில "அப்ப அவன் ஏன் அப்பிடிச் செய்தவன்?" எண்டு வீட்டை வந்து தாத்தாவோட சண்டை பிடிப்பா. வாசிக்காமலே விளங்கின மனிசி அவ.

உங்கட வீட்டில வாசிக்கிற ஆள் மகள், பயன் சொல்லுற ஆள் தாத்தா. கொஞ்ச நாளைக்கு அப்பிடியே விடுங்கோவன், பிறகு ரெண்டு பேரும் இடம் மாறட்டும்.

---

தாமிரபரணி_கரை:

மூணு வாரம் கழிச்சு வாறேன், மன்னிச்சுக்கோங்க, மாமனாருக்கு சொட்டு மருந்து ஊத்துறதுலயே நாள் ஓடிருச்சு. எல்லாருக்கும் தனித்தனியா நன்றி சொல்லணும், யாழ்ப்பாணத்துல இருந்து எழுதின தங்கச்சியோ தம்பியோ, உங்க அம்மம்மா கதையை எங்க மாமனாருக்கு வாசிச்சே காட்டிட்டேன்.

முதல் வாரம் சார் சொன்ன மாதிரியே பூரா ஒரு விரல் கேள்வி. "எந்த மாவட்டம்?", "எந்தத் தேதி?" இப்படி. எனக்கு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க வேண்டியிருந்துச்சு. அதை விடக் கஷ்டம் என் பங்குக்கு தெரியாததைக் கேக்கறது, கேள்வி கேட்டா அதுக்கு விடையும் நாமளே வெச்சிருக்கணும்னு பழகிப்போச்சே. ஒரு நாள் கரண்ட் பில் செய்தி வந்துச்சு, "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எதுக்கு கணக்கு எடுக்காங்க, மாசா மாசம் எடுத்தா என்ன?"ன்னு நான் நிஜமாவே தெரியாமக் கேட்டேன், அவ என்னை அதிசயமாப் பாத்தா, "உனக்கே தெரியாதாம்மா?"ன்னு. அன்னைல இருந்துதான் கொஞ்சம் எளகுச்சு.

ரெண்டாவது வாரம் அந்தப் பழைய அணை செய்தியை மாமனார் எடுத்து வெச்சிருந்தாங்க, மறுபடி வாசிக்கச் சொன்னாங்க. வாசிச்சு முடிச்சுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தா. அப்புறம் மெல்ல கேக்கா, "தாத்தா, காரை எப்படி சாகுபடி பண்ணுவாங்க?"

எங்களுக்கு முதல்ல புரியல, அப்புறம்தான் விளங்குச்சு. கார்னா ரோட்டுல ஓடற கார்னு நெனச்சிருக்கா! அர்த்தம் இல்லாம இருக்குன்னு தோணியிருக்கு, ஆனா கேட்டா சிரிப்பாங்கன்னு அந்த வரியை அப்படியே முழுங்கிட்டு கன அடிக்குப் போயிருக்கா. நாங்க டவுன்ல வாடகை வீட்டுல இருக்கோம், வயலை அவ பஸ் ஜன்னல் வழியாப் பாத்ததோட சரி. பழைய பேப்பர் சார் சொன்னதும் சரி, வாத்தியார் சார் சொன்ன பஞ்சரும் சரி. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் அழுகையும் வந்துச்சு, இந்த மாதிரி எத்தனை வரியை முழுங்கியிருக்கோ.

மாமனாருக்கு ஆள் கிடைச்சாச்சு. காரு, பிசானம்னு ரெண்டு நெல் போகம், மலையில தென்மேற்கு மழை விழுந்து அணைக்கு வாறது, மலைக்கு இந்தப் பக்கம் நம்ம ஊருக்கு அது மறைவாப் போறது, ஐப்பசி கார்த்திகையிலதான் நமக்கு மழைன்னு முக்கால் மணி நேரம், ஸ்கூல் வேனை விட்டுட்டு நான்தான் ஸ்கூட்டியில கொண்டு விட்டேன். சார் கேட்டிருந்த "அணைக்கு மட்டும் தண்ணி எங்க இருந்து வந்துச்சு"க்கும் அதுலயே விடை வந்துருச்சு.

படிப்பு ஒரேயடியா மாறிருச்சுன்னு சொல்ல மாட்டேன். கணக்குல வர்ற வாக்கியக் கணக்குக்கு இன்னும் முழிக்கத்தான் செய்யுதா. ஸ்கூல்ல கை தூக்கிக் கேக்கவும் மாட்டேங்கா, வீட்டுல மட்டும்தான்.

ஆனா நேத்து ஒண்ணு கேட்டா, அதுக்குத்தான் முக்கியமா வந்தேன். அவ அண்ணன் தமிழ் புக்கை எடுத்து புரட்டிட்டு இருந்தவ, "கார்காலம்னா ஆவணி, புரட்டாசின்னு இதுல போட்டிருக்கு, அப்பறம் ஜூன்ல தண்ணி தொறந்து நடறதுக்கு எப்படி கார்னு பேர் வந்துச்சு?"ன்னா. அறுப்பு அந்த மாசத்துல வாறதால இருக்குமோன்னு மாமனார் இழுத்தாங்க, ஆனா அவங்களுக்கே நம்பிக்கை இல்ல. எனக்கு சுத்தமா தெரியாது. இங்க விவசாயம் பாக்கறவங்க, தமிழ் வாத்தியாருங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன், நாளைக்கு காலையில பேப்பர் வந்ததும் முதல் வேலையா கேப்பா.